முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு

1

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே குளிரூட்டியை 22-இல் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில், செம்பவாங்கில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டிலிருந்து பதினேழாவது படமாக அது மாட்டியிருந்தது. மூன்றடி அகலம், இரண்டடி உயரம். கறுப்பு வானத்தில் சிறகு விரித்த மாதிரி ஓர் இளஞ்சிவப்பு மேகம். கீழே இருந்த அட்டையில் ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தது: ஓரியன் நெபுலா. 312 ஃபிரேம். மொத்த ஒளிநேரம் 2 மணி 36 நிமிடம். படம்: குணசேகரன்.

என்னுடன் வந்திருந்தது என் பேத்தி அனு. வயது பதினொன்று. மகன் செந்தில் பிடோக்கில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவளை எங்களிடம் விட்டுவிட்டு, சராசரியாக ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து வந்து அழைத்துப் போவான். அந்த நேரத்தில்தான் கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். போன மாதம் நான் கேமராவில் எடுத்த ஓரியன் படம் ஒன்றை, ஒரே ஒரு ஃபிரேமை, என் கைப்பேசியில் அவளிடம் காட்டியிருந்தேன். சாம்பல் நிறத்தில் மங்கலாக, புள்ளி புள்ளியாக இருந்தது.

அவள் பதினேழாவது படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, உங்க போட்டோவ விட இதுதான் நைஸ்."

படத்தின் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே, மேகத்துக்குச் சற்று வெளியே, கோழி முட்டையின் ஓரக்கோடு போல மிக மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. அது என் கேமராவின் உள்ளே ஒட்டியிருக்கும் தூசு. இரண்டு ஆண்டுகளாக அது அங்கேயே இருக்கிறது. துடைக்கக் கொடுத்தால் எண்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கேட்பார்கள் என்று விட்டுவைத்திருந்தேன். என் படத்தை நான் அதன் அழகை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, அழுக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நான் இந்த ஊருக்கு வந்து இறங்கி அன்றோடு நாற்பத்து மூன்று ஆண்டு. என் மனைவி கோமதி மதியத்துக்குப் பாயசம் வைத்திருந்தாள். நான் சாப்பிடவில்லை.

2

ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிங்கப்பூர் வானத்தில் விளக்கு வெளிச்சம் அதிகம். ஒரு படம் எடுத்தால் மேகமும் தெரியும், அதைவிட அதிகமாக இரைச்சலும் தெரியும். இரைச்சல் என்றால் சத்தம் இல்லை, படமெங்கும் மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள். அதனால் ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான முறை எடுத்து (ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்), கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சரியாகப் பொருத்தி அடுக்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது நிற்கும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது கரைந்துவிடும். குறுக்கே போன விமானம்கூட இல்லாமல் போய்விடும்.

இதில் கணக்கு இருக்கிறது. இரைச்சல் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நூறு ஃபிரேமுக்குப் பத்து மடங்கு தெளிவு. முந்நூற்றுப் பன்னிரண்டுக்குப் பதினேழே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் என்னுடையது.

எப்படிச் சொல்கிறேன்? பிப்ரவரி முதல் தேதி, எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துக் கார் நிறுத்தத்தின் மொட்டைத்தளத்தில் நானும் குணசேகரனும் அருகருகே கேமரா முக்காலி போட்டு எடுத்தோம். ஃபிரேமுக்கு முப்பது வினாடி. அவருடைய கேமரா நூறாவது ஃபிரேமோடு நின்றுவிட்டது. "செஞ்சுரி அடிச்சாச்சு, பேட்டரி போச்சு" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் இருநூற்றுப் பன்னிரண்டு எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தபோது என் கணினி முப்பத்தொன்றாவது ஃபிரேமில் மூச்சை விட்டுவிட்டது. "குடுங்க அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேர் படத்தையும் சேர்த்து நானே அடுக்கிப் பாக்கிறேன்" என்று என் படங்கள் இருந்த தம்ப் டிரைவை வாங்கிப் போனார். 212-ஐயும் 100-ஐயும் கூட்டிப் பாருங்கள்.

குணசேகரனுக்கு வயது அறுபத்தெட்டு. காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். அவரும் அவர் அப்பாவும் இங்கேயே பிறந்தவர்கள். மன்றத்தின் வானோக்கர் குழுவில் நாங்கள் ஏழு பேர். நான் தூத்துக்குடிக்காரன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அண்ணாச்சி. ஊரில் அது மரியாதை. இங்கே அவர் வாயில் அது லிட்டில் இந்தியா மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். நான் கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு ஆண்டு பொருள் கிடங்குக் கணக்கர். ஒரு வால்வு குறைந்தாலும் தெரியும். பிப்ரவரிக் கூட்டத்தில் என் ஃபிரேம் கணக்கை நான் வாசித்தபோது அவர் எல்லோர் முன்னாலும், இந்த ஊர் 'லா'வும் சேர்த்துச் சொன்னார்:

"அண்ணாச்சி, பருப்பு நிறுக்கிற மாதிரி நட்சத்திரத்த நிறுக்காதீங்க லா."

ஐந்து பேர் சிரித்தார்கள். ஆறாவது ஆளுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

3

இது எனக்கு இரண்டாவது முறை.

ஒன்பதாம் வகுப்பில் இருபத்தொன்பது நாள் நிலாவை வரைந்தேன். இரண்டு நாள் மேகம், ஒரு நாள் அமாவாசை, ஆக இருபத்தாறு படம். பென்சிலால், தேய்வதும் வளர்வதும் அளவு மாறாமல். பெரியப்பா மகன் ராஜாமணி அதையெல்லாம் ஓர் அட்டையில் ஒட்டி, பள்ளிக் கண்காட்சியில் தன் பெயரில் வைத்தான். முதல் பரிசு. தலைமையாசிரியர் ஒரு மைப்பேனா கொடுத்தார். நான் வீட்டில் சொன்னேன். "ஒரே குடும்பம்தானல, யாரு வாங்குனா என்ன" என்றார் அப்பா.

அன்று மாலை அவன் பந்து விளையாடப் போனபோது அந்தப் பேனாவை எடுத்து, நிப்பைச் சிமெண்டுத் தரையில் எட்டு முறை தேய்த்துவிட்டு, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். அரையாண்டுத் தேர்வு முழுவதும் அவன் விரல் நீலமாக இருந்தது. கீழே விழுந்து வளைந்துவிட்டது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி எனக்குத் தொலைபேசி எடுக்கிறான். இந்தப் பத்திரிகை அவன் வீட்டுக்கு வருகிறது. தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே குணசேகரனை என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

4

முதலில் முறைப்படி புகார். மன்றத்தின் இணையப் படிவத்தில் புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சத்தம், சுத்தம், வசதிகள், மற்றவை. களவுக்கு இடமில்லை. "மற்றவை"யில் ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. நான் எழுதியது நான்காயிரத்து நூறு. வெட்டி வெட்டி அனுப்பியதும், உங்கள் கருத்துக்கு நன்றி, மன்றத்தை மேலும் சுத்தமாக வைத்திருக்க அது உதவும் என்று பதில் வந்தது. நேரில் போனேன். முகப்பில் இருந்த பெண், "அங்கிள், சாட்சி இருந்தா எழுத்தில குடுங்க, கமிட்டி பார்க்கும்" என்றாள். ஏப்ரல் 26-க்கு நேரம் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து நாற்பத்தோரு நாள்.

சாட்சி வேண்டுமென்றால், நான் அடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கணினிக்கு நினைவகம் வாங்கிப் போட்டேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை இறக்கினேன். அதில் என் 212 ஃபிரேமையும் கொடுத்தால், பொருத்துவதற்குப் போதிய நட்சத்திரங்கள் இல்லை என்று 189-ஐத் தள்ளிவிட்டது. நம் வானம் அப்படி. வேறு வழி, கையால் பொருத்துவது. ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிதாக்கி, அதே மூன்று நட்சத்திரங்களைத் தேடி, ஒவ்வொன்றின் நடுவிலும் குறி வைக்க வேண்டும். 212 பெருக்கல் 3, 636 குறி. ஒரு குறி ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் நட்சத்திரம் இரட்டையாகிவிடும். பத்தொன்பது நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது.

கோமதி பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பாள். அவள் பிறந்தது திருவாதிரையில். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக இருப்பது அதுதான்; நாங்கள் எடுத்த மேகம் அதற்குக் கீழே.

"ஏங்க, என் நட்சத்திரத்துக்குக் கீழ இருக்கிறதையே மூணு வாரமா பாத்துக்கிட்டு இருக்கீங்க. என்னை ஒரு தடவ பாத்தீங்களா?"

"இது வழக்கு, கோமதி."

"வழக்கா. அந்த மனுஷனும் இப்படித்தான் ஒக்காந்து குத்தியிருப்பாரு, பாவம்."

அந்த 'பாவம்' என் தூக்கத்தைக் கெடுத்தது. உண்மைதான். என் ஃபிரேம்களை மென்பொருள் எனக்கு ஏற்காவிட்டால் அவருக்கும் ஏற்றிருக்காது. அவரும் அந்த 636 குறிகளை வைத்திருக்க வேண்டும். நூற்று நாற்பதிலிருந்து பதின்மூன்று ஃபிரேம்களில் நட்சத்திரங்கள் புழு மாதிரி நெளிந்திருக்கும். கால் மரத்துப்போய் நான் முக்காலியைச் சுற்றி நடந்த நேரம் அது. அவற்றையும் அவர் விடாமல் சேர்த்திருக்கிறார். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். இதை நினைத்தபோது எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. சோம்பேறித் திருடனை மன்னிக்கலாம். இவ்வளவு சிரத்தையாக ஒருவர் திருடினால் எப்படி மன்னிப்பது?

மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ போட்டோ லா. அவரும் ஓல்ட், நீங்களும் ஓல்ட்" என்றான். இரண்டு நிமிடம் பத்து வினாடி பேசினான்.

கடைசி வேலை மிச்சமிருந்தது. மன்றத்துக்குப் போய்ச் சுவரில் இருந்த அந்தப் படத்தை ஒன்பது முறை கைப்பேசியில் எடுத்து வந்தேன். அந்த ஒன்பதையும் அடுக்கி, என் அடுக்கின் மேல் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். மேகத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது; அது அவருடைய நூறு. இடது மூலையில் வளையம் இருந்த இடம் சுத்தமாக, வெறும் கறுப்பாக ஆகிவிட்டது. இரண்டும் ஒரே தூசு. அது காணாமல் போனதுதான் என் சாட்சி. நான் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதினான்கு பக்கம், நான்கு பிரதி, ஒவ்வொன்றோடும் ஒரு தம்ப் டிரைவ். டன்லப் தெருவில் ஒரு கடையில் வண்ணத்தில் அச்சடித்தேன். ஐந்தாம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம் வரை 212 ஃபிரேமும் எடுக்கப்பட்ட நேரம், வினாடி உட்பட, அட்டவணையாக. அந்த அட்டவணையைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

5

ஏப்ரல் 26, சனிக்கிழமை, மாலை மூன்றே கால். பலத்த மழை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்: தலைவர், வங்கியில் இருந்தவர்; திருமதி கோ, பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். இந்தப் பக்கம் நானும், இரண்டு நாற்காலி தள்ளிக் குணசேகரனும். அவர் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

ஒன்பது நிமிடம் பேசினேன். தூசு வளையத்தைக் காட்டினேன். கழித்ததைக் காட்டினேன். தலைவர் தலையாட்டினார். குணசேகரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. அந்த ஒன்பது நிமிடம் போல ஒரு சந்தோஷம் எனக்கு இந்த நாட்டில் வாய்த்ததில்லை என்று சொன்னால் மிகையில்லை.

திருமதி கோ அட்டவணையைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"அங்கிள், உங்கள் முதல் ஃபிரேம் மாலை ஏழு மணி எட்டு நிமிடம் என்று இருக்கிறது."

"ஆமாம்."

"பிப்ரவரி முதல் தேதி இங்கே சூரியன் மறைவது ஏழே காலுக்கு மேல். வெயிலில் நெபுலா எடுத்தீர்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் ஆரம்பித்தது ஒன்பது முப்பத்தெட்டுக்கு. அது நிச்சயம். அட்டவணையில் ஏழு எட்டு. அதுவும் என் கேமராவே எழுதியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஏதோ அதில் பதில் இருக்கிற மாதிரி. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தெட்டு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தலைவர் குரலைத் தாழ்த்தி, "கோப்புகளின் நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியின் பொருள், கள்ளச் சாட்சி தயாரித்தவன் நான் என்பது. முப்பத்து நான்கு ஆண்டு கிடங்கில் ஒரு எண்ணைத் திருத்தி எழுதாத ஆள் நான். பதினான்கு பக்கமும் என் முன்னால் கிடந்தன. அதில் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை.

குணசேகரன்தான் பேசினார். ஆங்கிலத்தில், மேசையைப் பார்த்தபடியே:

"அந்தக் கேமரா இந்திய நேரத்தில் இருக்கிறது. ரெண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் வாட்சையும் பாருங்கள், அதுவும் அப்படித்தான். அவர் ஃபிரேமையெல்லாம் நான்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எனக்குத் தெரியும்."

ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் நேரம் தவறக் கூடாது என்று வந்த புதிதில் வாட்சை இந்திய நேரத்துக்கு வைத்தேன். பிறகு மாற்றவில்லை. கண் பார்ப்பதை மனம் தானாகக் கூட்டிக்கொள்ளும். எழுபதாம் பிறந்தநாளுக்குச் செந்தில் கேமரா வாங்கித் தந்தபோது எந்த ஊர் என்று அது கேட்டது. பட்டியலில் டெல்லி இருந்தது. நானே அழுத்தினேன்.

அந்த இரண்டு வாக்கியத்தில் குணசேகரன் தன்மேல் தானே குற்றத்தை எழுதிக்கொண்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. திருமதி கோ கேட்டார்: "அப்படியானால் 212 ஃபிரேம் அவருடையது. ஏன் அவர் பெயரைப் போடவில்லை?"

"அவரேதான் போட வேண்டாம் என்றார்."

இதை இரண்டாம் பகுதியிலேயே எழுதியிருக்க வேண்டும். பருப்புப் பேச்சுக்கு எல்லோரும் சிரித்த அன்று, நான் எழுந்து நின்று, "உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரை இந்த ஜன்மத்துல போடாதீங்க" என்று சொல்லியிருந்தேன். ஆறு பேர் முன்னால், ஆங்கிலத்திலும் ஒரு முறை. சொன்னது உண்மை. ஆனால் என் பெயரைப் போடாதே என்றால் என் படத்தில் உன் பெயரைப் போடு என்று பொருளா? படத்தையே மாட்டாமல் விட்டிருக்கலாம் இல்லையா? இதைக் கமிட்டியிலும் கேட்டேன். குணசேகரன், "தப்புதான்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு மனிதர் இப்படி உடனே ஒத்துக்கொண்டால் தயாரித்து வந்த மற்ற கேள்விகளை என்ன செய்வது? என்னிடம் இன்னும் பதினொரு கேள்வி இருந்தது.

தீர்ப்பு: இரண்டு பெயரும் போட்டுப் படத்தைப் புதிதாக அச்சிட வேண்டும், மாற்றம் கோரியவர் அச்சுச் செலவை ஏற்க வேண்டும், பெயர்கள் ஆங்கில அகர வரிசையில். நான் சண்முகசுந்தரம், அவர் குணசேகரன். ஃபிரேம் எண்ணிக்கைப்படி என் பெயர்தான் முன்னால் வர வேண்டும் என்று எழுந்து நின்றேன்.

"போடுங்க லா, அண்ணாச்சி பேரை முன்னாடியே போடுங்க" என்றார் அவர்.

அதையும் அவரே கொடுத்தார்.

6

மழை விடவில்லை. மன்றத்துக்கு எதிரே காப்பிக் கடையில், இங்கே கோப்பிக் கடை என்பார்கள், ஒதுங்கினேன். அவரும் வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். வேறு மேசை காலியாக இல்லை, எண்ணிப் பார்த்தேன்.

"எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பேசாம இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"நீங்க தோத்துட்டா, சாகிற வரைக்கும் என்னைத் திட்டுவீங்க அண்ணாச்சி. ஜெயிச்சா ரெண்டு மாசத்துல நிறுத்திடுவீங்க. நான் இன்சூரன்ஸ் ஆளு. எது லாபம்னு பாத்தேன்."

"நிறுத்த மாட்டேன்."

"சரி, மூணு மாசம்." கோப்பியை ஆற்றினார். "அந்த நூத்தி நாப்பதுலேர்ந்து ஒரு பதிமூணு இருக்கே. பொருத்துறதுக்குள்ள கண்ணு போச்சு. அப்ப என்ன, டான்ஸ் ஆடினீங்களா?"

அவரும் பதின்மூன்று என்று எண்ணி வைத்திருந்தார். நான் எழுந்து இரண்டு கோப்பிக்கும் காசு கொடுக்கப் போனேன். என்னுடையதை அவர் முன்பே கொடுத்திருந்தார். ஆகவே அவருடையதை நான் கொடுத்தேன். அவரிடம் எதையும் வாங்கியதாக இருக்கக் கூடாது.

இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிறது. நான் நிறுத்தவில்லை. குழுக் கூட்டத்தில் அவருக்கு எதிர்ப்பக்கம்தான் உட்காருகிறேன். மொட்டைத்தளத்தில் முக்காலிகளுக்கு இடையே பன்னிரண்டடி விடுகிறேன்; முன்பு நான்கடி. வாட்சை மாற்றவில்லை. கேமராவையும் மாற்றவில்லை, அட்டவணையின் தலைப்பில் மட்டும் 'இந்திய நேரம்' என்று எழுதுகிறேன்.

புதிய படம் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை அனுவை அழைத்துப் போனேன். அதே பதினேழாவது இடம். அட்டையை அவள் மெதுவாக வாசித்தாள். முதலில் என் பெயர், பிறகு அவர் பெயர்.

"ஓ, தாத்தா. நீங்க அந்த அங்கிளுக்கு ஹெல்ப் பண்ணீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

கணினி நினைவகம் 94 வெள்ளி. தம்ப் டிரைவ் நான்கு, 31 வெள்ளி 60 காசு. வண்ண அச்சு ஐம்பத்தாறு பக்கம், 28 வெள்ளி. மழையில் பிரதிகள் நனையாமல் இருக்கப் போன டாக்சி, 19 வெள்ளி 40 காசு. பெயர் மாற்றிய புதிய படம், 168 வெள்ளி. அவருக்கு ஒரு கோப்பி, 1 வெள்ளி 60 காசு. ஆக மொத்தம் 342 வெள்ளி 60 காசு.